காந்தாரத்தில் ஓர் எல்லைக்கோடு

5 கட்டைச் சுருதியில் பாடும் ஒரு பெண்ணின் குரல் மேல்ஸ்தாயி அந்தர காந்தாரத்தில் போய் நிற்கும்போது நொடிக்கு 490 தடவை அதிர்கிறது. 5 கட்டையில் மத்தியஸ்தாயி ஸட்ஜம் 196, மேல் ஸட்ஜம் 392. அதற்கு மேல் காந்தாரம் 490, சுத்த மத்யமம் 523, பஞ்சமம் 588. நம் பாடகியர் பலர் இந்தச் சுருதியை ஒட்டித்தான் பாடுகிறார்கள். சங்கராபரண ஆலாபனை படிப்படியாக ஏறி மேல் காந்தாரத்தில் நிலைகொள்ளும் இடம் வருமென்று சபையில் எல்லோருக்கும் தெரியும், தெரிந்தேதான் காத்திருப்பார்கள். சினிமாக் கொட்டகைக்காகப் பிறந்த பழைய ஹார்ன் ஸ்பீக்கர்களில் கீழ்ஒலியையும் மேலொலியையும் பிரிக்கும் எல்லை, பலவற்றில், 500 ஹெர்ட்ஸ். குரல் உச்சத்தைத் தொடும் அதே இடத்தில் ஒரு ஸ்பீக்கர் கைவிட இன்னொன்று ஏந்திக்கொள்ள வேண்டியிருக்கிறது.

வால்வு ஆம்பிளிஃபயர்களை வைத்து, ஊஃபருக்கு ஒன்று, ஹார்னுக்கு ஒன்று, ட்வீட்டருக்கு ஒன்று என்று தனித்தனியாகக் கொடுத்து வீட்டில் ஒரு செட் கட்ட இறங்கியதிலிருந்து என் யோசனை இந்த எல்லையை விட்டு நகரவில்லை.

ஒலியைப் பிரிக்காமல் ஒரே ஸ்பீக்கரில் கேட்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. அதற்கென்றே வாழ்நாளைக் கொடுத்தவர்களும் உண்டு. ஆனால் மிருதங்கத்தின் தொப்பிக்கு நிறையக் காற்றை அசைத்தாக வேண்டும். 15 அங்குலக் காகிதக் கூம்பு அதற்குத் தேவைப்படுகிறது. தம்புராவில் ஜீவா எழுப்பும் நுண்ணதிர்வுகளையும் அதே கூம்பு தர வேண்டும் என்றால் அதன் எடை இடம் தராது. எனவேதான் மூன்று பகுதி. கடையில் வாங்கும் பெட்டியிலும் இந்தப் பிரிவினை இருக்கிறது. அங்கே ஆம்பிளிஃபயர் ஒன்றுதான். அதன் முழு ஆற்றலும் ஒரே ஒயரில் பெட்டிக்குள் போன பிறகு, காயில்களும் கெப்பாசிட்டர்களும் அடங்கிய கிராஸ்ஓவர் அதைப் பங்கு போடுகிறது.

பங்கு போடுவதை ஆற்றல் சேர்ந்த பிறகு செய்வதா, சேர்வதற்கு முன்பே செய்வதா? இந்த முயற்சியில் மற்ற எல்லாமே இந்தக் கேள்விக்குக் கொடுக்கும் பதிலிலிருந்துதான் கிளைக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரை 500 ஹெர்ட்ஸில் மிக எளிய முறையில் பிரிக்க வேண்டுமானால்கூட 40 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் 2.5 மில்லிஹென்றி காயிலும் வேண்டும். நல்ல ஃபிலிம் கெப்பாசிட்டர் அந்த அளவில் வாங்கினால் உள்ளங்கை நிறைந்துவிடும். காயிலோ ஒரு கனத்த செம்புக் கம்பிச் சுருள். ஆம்பிளிஃபயருக்கும் ஊஃபருக்கும் குறுக்கே நின்று, கூம்பின் மீது ஆம்பிளிஃபயருக்கு இருக்கும் பிடியைத் தளர்த்துகிறது. அதே பிரிவினையை ஆம்பிளிஃபயருக்கு முன்னால், 10 கிலோஓம் ரெசிஸ்டர் உள்ள சுற்றில் செய்துபாருங்கள்: 0.032 மைக்ரோஃபாரட் போதும். ஆயிரம் மடங்குக்கும் மேல் சிறியது. சுண்டுவிரல் நகத்தளவுள்ள அந்தத் துணுக்கை மேசை விளக்கின் கீழ் வைத்து, இரண்டு கால்களையும் வளைத்து, டேக் போர்டில் பற்றவைக்கும்போது, இசையை இன்னும் பலமில்லாத நிலையிலேயே பிரிக்கிறோம் என்பது கைக்கே தெரிகிறது. அங்கே அது வெறும் ஒரு வோல்ட், பல சமயம் அதுகூட இல்லை. சூடில்லை, இழப்பில்லை. பிரித்த ஒவ்வொரு பங்கும் அதன் பிறகு தன் ஆம்பிளிஃபயரில் பலம் பெற்று, இடையில் யாரும் இல்லாமல் தன் ஸ்பீக்கரை அடைகிறது.

இழப்பு என்றது சும்மா சொன்னதில்லை. கம்ப்ரெஷன் டிரைவர் பொருத்திய ஹார்ன் ஒரு வாட்டில் 107 டெசிபல் ஒலிக்கிறது. கூடவே இருக்கும் ஊஃபர் 97தான். பத்து டெசிபல் என்பது ஆற்றலில் பத்து மடங்கு. ஒரே ஆம்பிளிஃபயரில் இரண்டையும் ஓட்டினால் ஹார்னுக்குப் போவதில் பத்தில் ஒன்பது பங்கை ரெசிஸ்டரில் சூடாக்கித் தீர்க்க வேண்டும். தனி ஆம்பிளிஃபயர் இருந்தால் ஒரு வால்யூம் குமிழைச் சற்றுத் திருப்பினால் முடிந்தது.

வால்வுக்கு வருகிறேன். வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனம் 1938இல் கொண்டுவந்த 300பி ஒற்றையாக நின்று தருவது சுமார் 8 வாட். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே ஆர்.சி.ஏ. கொண்டுவந்த 2ஏ3 தருவது மூன்றரை வாட். இன்று ஒரு பொம்மை ஸ்பீக்கர்கூட அட்டையில் அதைவிடப் பெரிய எண்ணைப் போட்டுக்கொள்கிறது. ஆனால் நேரடியாகச் சூடேறும் இந்த டிரையோடுகளில், பின்னூட்டத் திருத்தம் எதுவும் இல்லாமலே, குரல் நிற்கும் விதம் வேறு. மெல்லிய ஒலிகளில் இவற்றின் பிழை மிகக் குறைவு, ஒலி ஏறும்போதுதான் பிழையும் ஏறுகிறது. நாம் வீட்டில் கேட்கும் நேரத்தில் பெரும்பகுதி அந்த மெல்லிய பக்கத்திலேயே கழிகிறது. இது என் காதின் தீர்ப்பு மட்டும் இல்லை, அளந்தும் பார்க்கக்கூடியது. அவற்றின் பலவீனமும் அதே அளவுக்கு உண்மை. கீழ்ஒலியைக் கொடுத்தால் திணறும், ஊஃபரின் கூம்பைப் பிடித்து நிறுத்தத் தெரியாது. அந்த வேலையை அவற்றிடம் கேட்காமல் இருந்துவிட்டால் என்ன? ஊஃபருக்கு இஎல்34 ஜோடிகள் கொண்ட புஷ்-புல், ஹார்னுக்கு ஒற்றை 2ஏ3, ட்வீட்டருக்கு டிரையோடாக இணைத்த இஎல்84 என்று வைத்துக்கொண்டேன். ஊஃபருக்கு டிரான்சிஸ்டர் வைப்பவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் அது நன்றாகவே உழைக்கும்.

இஎல்84 நம் நாட்டிலும் செய்யப்பட்ட வால்வு. பெங்களூர் பாரத் எலக்ட்ரானிக்ஸ் 1961இல் ரேடியோ வால்வு தயாரிப்பைத் தொடங்கியது. அந்தப் பழைய சரக்கு, நிறம் மங்கிய அட்டைப்பெட்டியோடு, பழைய ரேடியோ மெக்கானிக்குகளின் அலமாரியில் இன்றும் அகப்படுகிறது. கோயில் கொடைக்கும் கல்யாண வீட்டுக்கும் மைக் செட் கட்டியவர்கள் வால்வின் சூட்டிலும் வெளிச்சத்திலும்தான் தொழில் கற்றார்கள். அவர்களில் சிலருக்கு இன்னும் கை மறக்கவில்லை.

கை மறக்காத ஒருவரிடம்தான் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் சுற்றக் கொடுத்தேன். கோவையில் மோட்டார் வைண்டிங் கடை வைத்திருப்பவர். வால்வின் உயர்ந்த வோல்ட்டேஜையும் ஸ்பீக்கரின் தாழ்ந்த ஓமையும் பொருத்திவைக்கும் இந்த இரும்பும் செம்பும்தான் வால்வு ஆம்பிளிஃபயரின் பாதி உயிர். பிரைமரி 38 கேஜ் கம்பி. தலைமுடியைவிடச் சற்றே தடிமன். அதை நான்காகப் பிரித்து, இடையிடையே செகண்டரியை வைத்துச் சுற்ற வேண்டும் என்று வரைந்து கொடுத்ததும் அவர் தாளைத் தூரப் பிடித்துப் பார்த்தார்.

“ஏனுங், பிரைமரிய ஒரே மூச்சாச் சுத்திப்போட்டு மேல செகண்டரியப் போட்டா ஆகாதுங்களா?”

“ஆகாதுங்கண்ணா. மேல் ஒலி செத்துப்போயிருமுங்க.”

“சரி. இந்த ஸ்டாம்பிங்குக்கு நடுவுல காயிதம் எதுக்குங்க?”

“வால்வு கரண்டு நிக்காம ஒரே பக்கமாப் போகுதுங்கண்ணா. சந்து விடலைன்னா இரும்பு நெறஞ்சு போயிரும்.”

“அட, ட்யூப்லைட் சோக்குக்கு விடறதுதானுங்களே!” என்றார். அந்தச் சந்து அங்கே இருக்கும் காரணம் சற்று வேறு, ஆனாலும் சந்து ஒன்றுதான். அதன் பிறகு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒவ்வோர் அடுக்குக்கும் லெதராய்டு தாளை ஓரம் மடித்து வைத்து, கம்பியைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விட்டு, இழுப்பை விரலாலேயே அளந்துகொண்டு சுற்றினார்.

இந்த டிரான்ஸ்ஃபார்மரில் பல ஆம்பிளிஃபயர் முறை செய்யும் உபகாரம் ஒன்று இருக்கிறது. வழக்கமாக அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மர் 30 ஹெர்ட்ஸையும் தாங்க வேண்டும். ஒரே வோல்ட்டேஜுக்கு 30 ஹெர்ட்ஸில் இரும்பில் நிறையும் காந்தப்பாய்வு 500 ஹெர்ட்ஸில் இருப்பதைப் போல ஏறத்தாழ 17 மடங்கு. அதற்காகவே இரும்பைப் பெருக்குகிறார்கள், சுற்றுகளைக் கூட்டுகிறார்கள். கூட்டக் கூட்ட மேல்ஒலி மங்குகிறது. என் 2ஏ3க்கு 500க்குக் கீழே வேலை மிகக் கொஞ்சம். சின்ன இரும்பு, குறைந்த சுற்றுகள், தெளிந்த நடு ஒலி. மிக விலை உயர்ந்த டிரான்ஸ்ஃபார்மர்கள் போராடிப் பெறுவதை ஒரு மோட்டார் வைண்டிங் கடை தந்துவிட முடிகிறது என்றால், கேட்கும் வேலை குறைந்ததே காரணம்.

பிரித்தாயிற்று, சேர்ப்பதுதான் கடினம்.

1933 ஏப்ரலில் பிலடெல்ஃபியாவில் ஆர்க்கெஸ்ட்ரா வாசிக்க, வாஷிங்டன் அரங்கில் இருந்தவர்கள் அதை ஸ்பீக்கர்களில் கேட்டார்கள். பெல் ஆய்வகத்தின் ஹார்வி ஃபிளெட்சர் குழு செய்த ஏற்பாடு அது. ஒலி அளவைக் கட்டுப்படுத்தும் இடத்தில் அந்த ஆர்க்கெஸ்ட்ராவின் நடத்துநர் ஸ்டோகோவ்ஸ்கி உட்கார்ந்திருந்தார். கீழ்ஒலிக்கு ஒரு ஹார்ன், மேலொலிக்கு வேறு ஹார்ன். கீழ்ஒலி ஹார்னின் பாதை பல அடி அதிக நீளம். அந்த வழியில் வந்த ஸ்பீக்கர்களில் டாப் நடனத்தைப் போட்டுக் கேட்டபோது ஒவ்வொரு காலடியும் இரண்டு காலடியாக விழுந்தது என்பது ஒலிக் கலைஞர்கள் திரும்பத் திரும்பச் சொல்லும் செய்தி. ஹாலிவுட் எம்.ஜி.எம். ஸ்டூடியோவின் ஒலிப்பிரிவுத் தலைவர் டக்ளஸ் ஷியரரும், ஜான் ஹில்லியர்டும், ஜேம்ஸ் லான்சிங்கும் அந்தப் பாதையைச் சுருக்கிப் புதிய ஹார்ன் அமைப்பைச் செய்தார்கள். 1936ஆம் ஆண்டுக்கான அகாதமி தொழில்நுட்ப விருது அதற்குக் கிடைத்தது. லான்சிங் பின்னர் 1946இல் தொடங்கியதுதான் ஜே.பி.எல்.

காலடி இரண்டாகக் கேட்பது அவர்களுடைய பிரச்சினை. என்னுடையது காந்தாரம். காற்றில் 500 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 69 சென்டிமீட்டர். ஹார்னின் டிரைவர் ஊஃபரைவிட 34 சென்டிமீட்டர் பின்தங்கி நின்றால் ஒன்று காற்றைத் தள்ளும்போது மற்றது இழுக்கும். எல்லைக்கோட்டில் இரண்டும் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். பாடகி உச்சத்தைத் தொடும் இடத்தில் குரலில் ஒரு பள்ளம் விழும். 10 சென்டிமீட்டர் பிசகினாலே குரல் சற்று மெலிந்து, எங்கிருந்து வருகிறது என்பது தெளிவில்லாமல் போகும். கேட்பவர் பதிவைக் குறை சொல்வார், பாடகியைக்கூடக் குறை சொல்வார்.

இதற்கு மின்சுற்றில் ஒரு விடையைக் கொடுத்தவர்கள் ஹியூலெட்-பேக்கர்டில் வேலை பார்த்த ஸீக்ஃப்ரீட் லிங்க்விட்ஸும் ரஸ் ரைலியும். லிங்க்விட்ஸின் கட்டுரை 1976இல் வந்தது. அதற்கு முன் பரவலாக இருந்த பட்டர்வொர்த் வடிகட்டியில் எல்லைக்கோட்டில் ஒவ்வொரு பங்கும் 0.707. இரண்டும் ஒன்றாக அசைந்தால் கூட்டு 1.41, அந்த இடத்தில் ஒலி புடைத்துக்கொள்ளும். லிங்க்விட்ஸ்-ரைலி முறையில் இரண்டு பட்டர்வொர்த்களை அடுத்தடுத்து வைக்கிறார்கள். எல்லையில் ஒவ்வொன்றும் சரிபாதி, இரண்டும் ஒரே அசைவில். பாதியும் பாதியும் ஒன்று. எல்லைக்கு இருபுறமும் இரண்டு ஸ்பீக்கர்களும் சிறிது தூரம் சேர்ந்தே பாடி, பிறகு ஒன்று ஒதுங்கிக்கொள்ளும். நாதஸ்வர ஜோடியில் ஒருவர் மூச்செடுக்கும்போது மற்றவர் பிடியை விடாமல் கொண்டுபோவதும், கேட்பவருக்கு ஒரே நாயனமாகத் தோன்றுவதும் இப்படித்தான். இந்த வடிகட்டியை வால்விலேயே கட்ட முடியும். கதோடு ஃபாலோயர் என்ற எளிய சுற்று போதும். 1950களிலேயே மராண்ட்ஸும் ஹீத்கிட்டும் வால்வு கிராஸ்ஓவர்களை விற்றிருக்கின்றன.

கணக்கு இவ்வளவு சுத்தமாக இருந்தாலும் மரப்பெட்டியின் மேல் ஹார்ன் எங்கே உட்கார வேண்டும் என்பதை அது சொல்லாது. அதற்கு ஒரு வழி இருக்கிறது. இந்த வேலை முழுவதிலும் எனக்கு மிகப் பிடித்தது அதுதான். டேப்பை வைத்து முதலில் உத்தேசமாக அளந்து ஹார்னை வைத்துவிட வேண்டும். பிறகு ஹார்னுக்குப் போகும் இரண்டு ஒயர்களை வேண்டுமென்றே மாற்றிப் போட வேண்டும். 500 ஹெர்ட்ஸ் தொனியை ஓடவிட்டு, கேட்கும் உயரத்தில் மைக்கை வைக்க வேண்டும். இப்போது இரண்டு ஸ்பீக்கர்களும் எதிரெதிராக அசைகின்றன. ஹார்னை ஒரு சென்டிமீட்டர் பின்னால் தள்ளு, அரை சென்டிமீட்டர் முன்னால் இழு. தொனி மெலிந்துகொண்டே வரும். ஓரிடத்தில் திடீரென்று கிணற்றுக்குள் இறங்கியதுபோலக் காணாமல் போகும். இரண்டு ஸ்பீக்கர்களும் முழு மூச்சோடு அசைந்துகொண்டிருக்க, மைக்குக்கு எதுவும் எட்டாது. ஒலி மிக ஆழமாக அழியும் அந்த இடம்தான், ஒயரைத் திரும்பச் சரியாகப் போட்டால், மிக முழுமையாகச் சேரும் இடம். பென்சிலால் பெட்டியின் மேல் கோடு போட்டுவிடலாம். முதலில் டேப்பால் அளக்கச் சொன்னதற்குக் காரணம் உண்டு: ஒரு முழு அலை, அதாவது 69 சென்டிமீட்டர், பிசகியிருந்தாலும் இதே மௌனம் கிடைக்கும், ஆனால் அப்போது ஒலி இரண்டு மில்லிநொடி பிந்தியிருக்கும். தொனியை மட்டும் நம்பினால் அது தெரியாது, மிருதங்கத்தில் தெரிந்துவிடும்.

வால்வுகள் இரைவதைப் பற்றிப் பயமுறுத்துவார்கள். 2ஏ3இன் ஃபிலமென்ட் 2.5 வோல்ட், 2.5 ஆம்பியர், அதை மெயின்ஸ் ஏ.சி.யிலேயே சூடேற்றினால் ஹம் கேட்கத்தான் செய்யும். ஆனால் ஹம்மின் முக்கியப் பகுதி 50, 100 ஹெர்ட்ஸ். நடு ஒலி ஹார்ன் அந்த ஆழத்தில் ஏறக்குறைய ஊமை. ஊஃபரில் தாங்க முடியாத ஹம் ஹார்னில் மிகவும் அடங்கிவிடுகிறது, மிச்சத்தை டி.சி. கொடுத்துக் குறைக்கலாம். பயப்பட வேண்டியது வேறொன்றுக்கு. கேபிளை மாற்றிச் சொருகிக் கீழ்ஒலி ஹார்ன் டிரைவருக்குப் போனால் அதன் மெல்லிய டயஃப்ரம் கிழியும். டிரைவரோடு வரிசையில் ஒரு பாதுகாப்புக் கெப்பாசிட்டரை வைத்தே ஆக வேண்டும். ஸ்விட்சை அணைத்த பின்னும் பவர் சப்ளை கெப்பாசிட்டர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தேங்கியிருக்கும். அளந்து பார்க்காமல் விரல் உள்ளே போகக் கூடாது.

இந்த முறை வீட்டுக்குள் வேரூன்றிய நாடு ஜப்பான். 1924இல் தொடங்கிய ‘முசென் தொ ஜிக்கென்’ போன்ற இதழ்கள் வால்வுச் சுற்றுகளையும் பல ஆம்பிளிஃபயர் அமைப்புகளையும் தலைமுறைகளாகக் கற்றுக்கொடுத்திருக்கின்றன. இவாத்தே மாநிலத்து இச்சினோசெகி ஊரில் 1970இல் சுகவாரா ஷோஜி திறந்த ‘பேஸி’ ஜாஸ் தேநீரகத்தில் ஜே.பி.எல். ஸ்பீக்கர்களைப் பல ஆம்பிளிஃபயர்களில் ஓட்டிக் கேட்டார்கள். அதைக் கேட்கவென்றே ஆட்கள் பயணம் போனார்கள். பிரான்ஸில் 1977இல் தொடங்கிய ‘லோடியோஃபில்’ இதழில் ஜான் ஹிராகா எழுதியவை வழியாக ஜப்பானிய டிரையோடுப் பித்து ஐரோப்பாவைத் தொற்றியது.

அவர்கள் 500 ஹெர்ட்ஸை ஏற்றுக்கொண்டதில் எனக்குப் புகாரில்லை. ஆனால் அந்த எண் இசையிலிருந்து வரவில்லை. கம்ப்ரெஷன் டிரைவரின் டயஃப்ரம் எவ்வளவு அசையலாம், ஹார்னின் வாய் எவ்வளவு பெரிதாகலாம் என்ற கொட்டகைக் கணக்கிலிருந்து வந்தது. ஆல்டெக்கின் ‘வாய்ஸ் ஆஃப் த தியேட்டர்’ ஸ்பீக்கர்களில் 500 அல்லது 800. வசனம் தெளிவாகக் கேட்க அது போதும். 1 கட்டையில் பாடும் ஆண் குரலுக்கு மேல்ஸ்தாயி பஞ்சமம்கூட 392தான். 500இன் எல்லையை அவர் அநேகமாகத் தொடுவதே இல்லை, அதைக் கடந்து போவது அவர் குரலின் மேல் அதிர்வுகள் மட்டும். பாடகிக்கு அது காந்தாரத்தின் நடுவில். சரி, 250க்கு இறக்கினால்? அது மத்தியஸ்தாயியின் அந்தர காந்தாரம், 245. ஸ்தாயி மாறியதே தவிர ஸ்வரம் மாறவில்லை! 150க்கு இறக்கினால் மந்திர பஞ்சமம். இசை இல்லாத இடம் என்று ஒன்று கிடைக்காது. எனக்கு 250தான் சரியென்று படுகிறது: மேல்ஸ்தாயி முழுவதும் ஒரே டயஃப்ரத்தில் ஒலிக்கும், உச்சத்தில் கைமாறல் இல்லை. ஆனால் 250ஐக் கம்ப்ரெஷன் டிரைவர் தாங்காது. அதன் இடத்தில் பெரிய கூம்பு ஸ்பீக்கரை வைத்து முக்கால் மீட்டர் வாயுள்ள ஹார்ன் செய்ய வேண்டும். கிராஸ்ஓவரில் ஒவ்வொரு கெப்பாசிட்டரோடும் அதே அளவில் இன்னொன்றை இணையாகப் போட்டால் போதும், எல்லை பாதியாகிவிடும். மரவேலைதான் மலைப்பாக இருக்கிறது. பலா மரம் கேட்டு வைத்திருக்கிறேன்.

ட்வீட்டரின் எல்லை 7,000 ஹெர்ட்ஸ்; அங்கே இவ்வளவு கவலை இல்லை. அதைத் தனி ஆம்பிளிஃபயரில் வைத்ததால் கிடைத்த சுதந்திரத்தைத்தான் அதிகம் பயன்படுத்துகிறேன். 78 சுற்று இசைத்தட்டுகளில் பெரும்பாலும் அந்த எல்லைக்கு மேல் இசை மிகக் கொஞ்சம். ஊசியின் இரைச்சல்தான் அங்கே குடியிருக்கிறது. அந்தத் தட்டுகளைப் போடும்போது மூன்றாவது ஆம்பிளிஃபயரின் ஸ்விட்சைத் தொடுவதே இல்லை. குரலிலிருந்து எதுவும் குறைவதாக என் காதுக்குத் தெரியவில்லை. கொஞ்சம் காற்றோட்டம் போகிறது என்று நண்பர் ஒருவர் வாதிடுகிறார். 1950களின் எல்.பி.களுக்கு அவர் சொல்வது சரி, அவற்றுக்குப் போட்டுவிடுகிறேன்.